பள்ளி வாசலில் திட்ட ஆள் தேவை

இன்று குன்னூர் பேருந்தில், முன் இருக்கைமேல் செருப்புக் காலைத் தூக்கி வைத்த ஓர் ஆளை இங்கிலீஷில் திட்டித் தீர்த்தேன். கான்வென்டில் பழகிய வாய். என் கணவர் போனபின் வீட்டில் திட்ட ஆளில்லை.

பக்கத்திலிருந்த எஸ்டேட் அரசுப் பள்ளி டீச்சர் மெல்லக் கேட்டார்:

"ஏனுங்கம்மா, நாளைக்கு எங்க ஸ்கூலுக்கு வர்றீங்களா?"

"பாடம் நடத்தவா?"

"இல்லீங்க, திட்டறதுக்கு. இங்கிலீஷ் மீடியம் ஆரம்பிச்சும் பெத்தவங்க நம்ப மாட்டேங்கறாங்க. இன்னும் ரெண்டு பிள்ளைங்க சேரலைன்னா ஸ்கூலையே மூடிருவாங்க. அட்மிஷனுக்கு வர்றவங்க காதுல விழற மாதிரி என்னைய இங்கிலீஷ்ல திட்டுனாப் போதுமுங்க."

"எந்தத் தப்புக்கு?"

"அது உங்க இஷ்டமுங்க."

வருவதாகச் சொல்லிவிட்டேன். அவருடைய புடவை மடிப்பு ஒன்றே அரை மணி நேரத் திட்டுக்குத் தாங்கும். ஐந்து வயதுப் பிள்ளை உள்ளவர்கள் வந்து கேட்கலாம்.