விருத்தாம்பா அக்காவின் நோட்டுகளை அழித்தவர்களுக்கு

இந்த நேரத்தில் எழுதி அனுப்புவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இரவு மணி ஒன்றே கால். என் மகள் யாழினிக்குச் சளி, அவள் அசந்த பிறகுதான் எனக்குக் கை ஒழிந்தது. ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் வாசிக்க விருத்தாம்பா அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நம் குழுவின் சந்தானம் சார் கேட்டிருந்தார். “நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா” என்றார். நல்ல வார்த்தைகள் வரவில்லை சார். வருவதை எழுதுகிறேன். வெட்டாமல் வாசியுங்கள்.

அக்கா இறந்த செய்தி எனக்கு நம் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. பள்ளிக்கூட வாசலில் யாழினிக்காக நின்றிருந்தேன். திரை நிறையக் கும்பிடும் கைகள். யாருக்கென்று புரியாமல் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்து விழுந்தது: “அக்கா கலெக்‌ஷன் இனிமே என்ன ஆகும்?” உடம்பு அப்போது ஆஸ்பத்திரியை விட்டுக்கூட வரவில்லை. கேட்டவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்கே தெரியும்.

கூட்டத்துக்கு வரும் அக்காவின் உறவினர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் சேகரிப்பது தொண்ணூறுகளில் வந்த ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வரிசை. ஆளே இல்லாத ஒரு தீவு, பூட்டிய கதவுகள், என்னவென்றே தெரியாத இயந்திரங்கள். சுடுவதில்லை, ஓடுவதில்லை. யோசித்து யோசித்துக் கதவு திறக்க வேண்டும், அவ்வளவுதான். அதே தீவை வைத்துக் கதைப் புத்தகங்களும் வந்தன. பெட்டிக்குள் சிடியோடு ஒரு காலி நோட்டும் இருக்கும், ஆடுபவர் குறிப்பெடுக்க. மற்ற சேகரிப்பாளர்கள் எழுதாத நோட்டுக்கு அலைவார்கள். அக்கா மட்டும் எழுதிய நோட்டுக்கு அலைந்தார்.

மங்கலம்பேட்டை ஜாகிர் பாய் வளைகுடாவில் இருந்த காலத்தில், அக்கா அவரை அங்கே பழைய சாமான் கடைகளில் தேடச் சொல்வார். “ஊரே எங்கிட்ட செண்டு, தைலம்னு கேக்குது. நீங்க யாரோ கிறுக்கிப் போட்ட குப்பையக் கேக்குறீங்களேக்கா” என்று பாய் சிரிப்பார். “குப்பைதான் பாய் வேணும். புதுசுன்னா நீங்களே வச்சுக்குங்க” என்பார் அக்கா.

அக்காவிடம் நான் முதன்முதலாக இரவல் வாங்கியது ஒரு கதைப் புத்தகம். ஓரங்களில் எல்லாம் யாரோ பென்சிலில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, அடித்து, மறுபடி எழுதியிருந்தார்கள். வாங்கிய பொருளைச் சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வளர்ப்பு. இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் ரப்பரால் அழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினார். திட்டவில்லை. “இந்த ஆளு நாலு தடவ தப்பாப் போனான் புள்ள. அஞ்சாவது எந்தப் பக்கம் போனான்னு இனிமே யாருக்குத் தெரியும்?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “கம்பெனியில நாள் பூரா விரிசல் வுட்டதையெல்லாம் எடுத்துக் கழிச்சுப் போடறேன். வூட்டுலயாவது வச்சிக்கிறேனே” என்று சொல்லி எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். இந்தக் கதையை நானே ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீங்களும் சிரித்தீர்கள். தெரியாது என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

கம்பெனியில் அக்காவின் வேலை ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்ப்பது. நல்லது கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும். தீவு விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் ஐந்து மணிகளை ஓசை வரிசைப்படி அடித்துத் திறக்கும் கதவு ஒன்று உண்டு. சந்தானம் சார் அதில் ஒரு மாதம் கிடந்தார். அக்கா ஒரே தடவை கேட்டுவிட்டுத் திறந்தார். “விடையச் சொல்லும்மா, மண்டை வெடிக்குது” என்று சார் கெஞ்சியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அக்கா மசியவில்லை. “விடையக் கேக்காதீங்க சார். எங்க மாட்டிக்கிட்டீங்க, அதச் சொல்லுங்க” என்றார். எல்லோரிடமும் அதைத்தான் கேட்பார்.

என்னிடமும் கேட்டார். யாழினி பிறந்த மூன்றாம் மாதம். வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க நானும் குழந்தையும்தான். அவள் தூங்கினால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். மூக்கருகே விரல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். குளிக்கப் போக மாட்டேன், சாப்பிட மாட்டேன். எல்லோரும் “முதல் புள்ளைன்னா அப்பிடித்தான்” என்றார்கள். அக்கா மட்டும் “எங்க மாட்டிக்கிட்ட புள்ள?” என்றார். சொன்னேன். அன்றே என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார். மறுநாள் தீவு முதல் பாகத்தை என் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்து, நீல அட்டை போட்ட காலி நோட்டு ஒன்றையும் தந்தார். அவரிடம் இருந்த ஒரே எழுதாத நோட்டு அது.

அந்த நோட்டில் ஒரு பக்கம் பல்சக்கரம், நெம்புகோல், கதவு எண்கள். எதிர்ப்பக்கம் இப்படி இருக்கும்: “மூச்சு இருக்கிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன். இருக்கிறது. அரை மணி பார்க்கவில்லை. இருக்கிறது.” எல்லாம் பென்சிலில். வாராவாரம் அக்கா வந்து வாங்கிப் படிப்பார். கம்பெனியில் கழித்த கட்டைகளில் குறி போடும் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் பதில் எழுதுவார். ஒரு பக்கத்தில், “அரை மணியா! சபாஷ். நாளைக்குத் தலைக்குக் குளி.” ஆட்டம் முடிந்ததும் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். “உன்ன மாதிரி இன்னொருத்தி வருவா. அவளுக்குக் காட்டணும்.”

காரியத்துக்கு மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். நம் குழுவில் மூன்று பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு ரப்பர். தரையெல்லாம் ரப்பர்த்தூள். “வாம்மா, நீயும் ஒரு ரப்பர் எடுத்துக்க” என்றார் சந்தானம் சார். “புது நோட்டு மாதிரியே ஆயிடுச்சு பாரு. லைப்ரரியில அக்கா பேர்ல ஒரு அலமாரி வைக்கப் போறோம்.” நான் கத்தினேன். அக்காவின் தம்பி பயந்துபோய், “எனக்கு என்னாங்க தெரியும், படிச்சவங்க இவங்க சொன்னாங்க” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் மேல்தான். இருபத்து மூன்று நோட்டுகளில் பேனாவால் எழுதிய நான்குதான் தப்பித்தன. எந்தெந்த ஊரிலோ யார் யாரோ வழி தெரியாமல் திணறிய பக்கங்கள். அக்கா பதினெட்டு வருடம் தேடிச் சேர்த்ததை ஒரு காலையில் அழித்தீர்கள். நல்லெண்ணத்தோடு அழித்தீர்கள். அதனால் உங்களைத் திட்டக்கூட முழுதாக வாய் வரவில்லை, அது இன்னும் எரிகிறது.

அக்கா மேலும் கோபம்தான். இரண்டு வாரமாக நெஞ்சு வலி இருந்ததாம். கூட வேலை செய்தவர்கள் இப்போது சொல்கிறார்கள். ஊரில் எல்லோரையும் எங்கே மாட்டிக்கொண்டாய் என்று கேட்டவர், தனக்கு வலிக்கிறது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. நாமாவது கேட்டோமா? நான் கேட்டேனா? போன மாதம் என் வீட்டுக்கு வந்தபோது படியேறி மூச்சு வாங்கினார். வெயில் என்றார். நம்பிவிட்டேன். பத்து நிமிடத்துக்கொருமுறை மூச்சு பார்த்தவள் நான்.

அழித்த நோட்டுகளில் ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் தெரிகிறது. அப்படித்தான் அன்று எல்லாவற்றையும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அவற்றில் என் கையெழுத்தும் இல்லை, அக்காவின் சிவப்புப் பேனாவும் இல்லை. நீல நோட்டு அந்த வீட்டிலேயே இல்லை. அழிபடவில்லை என்றால், அக்கா அதை யாருக்கோ கொடுத்திருக்கிறார். நம்மில் ஒருவருக்கோ, நம் வீட்டுப் பெண் யாருக்கோ.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்விதான். அதை இனி நான்தான் கேட்க வேண்டும். நோட்டு உங்களிடம் இருந்தால் திருப்பித் தர வேண்டாம். உங்களுக்கு வேண்டியிருப்பதால்தானே கொடுத்திருப்பார். ரப்பர் மட்டும் வைக்காதீர்கள். பயமாக இருந்தால் பின்பக்கங்களில் எழுதுங்கள், நிறையக் காலியாக இருக்கிறது. எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.