வேலிக்கு வெளியே ஒரு பாய்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களில் பாதிப் பேருக்காவது அவர் மூக்கைத் துடைத்துவிட்டிருப்பார். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, நான் அவரோடு போட்ட ஒரு சண்டையைத் தவிர. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அக்கா எங்கள் தீவின் தெற்கே உள்ள செமின் கிரனியே ஊரில், கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எனக்கு ஏழு வயது இருக்கும்போது அம்மா தவறிவிட்டார். அதன் பிறகு எனக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, முதுகில் இரண்டு வைத்தது எல்லாம் அக்காதான். தமக்கென்று ஒரு குடும்பம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

எண்பதுகளில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் தையல் ஆலைக்குக் கிளம்பினோம். காலையில் ஏற்றிப் போகும் வேன் பொழுது சாயத்தான் கொண்டுவந்து விடும். பிள்ளைகளை எங்கே விடுவது? அக்கா எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு நடையாய் நடந்தார். உடைந்த பெஞ்சுகள் கிடந்த ஓர் அறையைத் தம் கையாலேயே கழுவி, சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்புத் தொடங்கினார். அதில் சேர மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். ஓராண்டு பார்ப்போம், ஒரு புகார் வந்தாலும் மூடிவிடுவேன் என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

என் மகள் மாலினியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நின்றேன். வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல்தான். அன்று பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"மூணு காவடி பாத்துட்டா அக்கா. எழுதிக்கோ."

எங்கள் வீட்டில் வயதை, ஆண்டுக்கு ஒரு முறை வரும் தைப்பூசக் காவடியை வைத்துத்தான் சொல்வோம். அக்காவிடம் அது பலிக்குமா?

"ஆயோ! மொத காவடிக்கு அவளுக்குப் பத்து நாள். நான்தானே மடியில வெச்சிருந்தேன்? இப்ப ரெண்டு வயசுதான்டி."

"உன் கையில இருக்குற ரெஜிஸ்டர்தானே. யாரு கேக்கப் போறா?"

"தங்கச்சி பிள்ளைக்கு மட்டும் சட்டம் இல்லையான்னு ஒருத்தர் எழுதிப் போட்டா போதும். மத்த பிள்ளைங்க எல்லாம் தெருவுல நிக்கும். அடுத்த வருஷம் கூட்டிட்டு வா."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. கணவர் காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. "நீ பெத்திருந்தாத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாத சொல். அதன் பிறகு பல மாதங்கள் நான் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மாலினியைப் பள்ளியை ஒட்டிய வீட்டில் இருந்த ஓர் அத்தையிடம் விட்டுப் போனேன். பாட்டுச் சத்தம் கேட்டதும் குட்டி ஓடிப்போய்ப் பள்ளியின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். சில நாள் பார்த்த அக்கா, வகுப்பையே வேலியோரத்து மாமரத்தடிக்கு மாற்றிவிட்டார். கம்பிக்கு அடியில் ஒரு சிறு பாயையும் தள்ளிவிட்டார். உள்ளே பிள்ளைகள், வெளியே பாயில் என் மகள். பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுக்கும்போது கம்பி வழியாக ஒன்று வெளியேயும் போகும். இதெல்லாம் அந்த அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்தும் வீம்பாகவே இருந்தேன்.

ஆண்டுக் கடைசியில் தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். வகுப்பு நிலைக்குமா என்பது அவர் எழுதப் போவதில்தான் இருந்தது. பிள்ளைகளை எண்ணினார், ரெஜிஸ்டரைப் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பிள்ளை?"

"அது என் ரெஜிஸ்டர்ல இல்லைங்க ஐயா. வயசு பத்தலை."

"அப்ப அங்க என்ன பண்ணுது?"

"காத்துக்கிட்டு இருக்கு."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லையாம். வேலியருகே போய் மாலினியைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றாராம். அவர் என்ன எழுதினாரோ, அடுத்த ஆண்டு வகுப்பு நிலைத்தது. இன்னோர் அறையும் கிடைத்தது. ஜனவரியில் மாலினியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வகுப்பு வாசலில் போய் நின்றேன். அக்கா பழசைக் கிளறவில்லை. "இப்பச் சொல்லு, எத்தனை காவடி?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசி நாட்களில் அக்காவுக்கு நினைவு முன்னும் பின்னுமாகப் போனது. இரவும் பகலும் மாறி மாறிக் கூட இருந்த அண்டை வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதிகளுக்கும், இறுதிச் சடங்கைத் தம் வீட்டுக் காரியமாக எடுத்துச் செய்த கோயில் குருக்களுக்கும், என் தமிழைத் திருத்தித் தந்த தமிழாசிரியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

போவதற்கு முதல் நாள் அக்கா கண் திறந்தார். என்னைப் பார்த்து, "லி ஃபின் ராந்த்ரே?" என்று கேட்டார். உள்ளே வந்துவிட்டாளா என்று கேட்கிறார். யாரைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மாலினிக்கு விளங்கியது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அவள் கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன் பெரியம்மா."

அக்கா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அன்று உன் வகுப்பு வாசலில் நான் சொன்ன சொல்லை இந்த மலரில், எல்லார் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அக்கா. நீ பெற்றவள்தான்.