பார்த்த ஆள் யார்?

எனக்கு எழுபத்திரண்டு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலும் ஏலத்தோட்டத்துக் கூலியில் வளர்ந்தவை. யார் வாசலிலும் போய் நின்றதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாக ஆனாலும் நானே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாத மழைக்காலம். போடியில் எங்கள் தெருப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி, கேரளத்துப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போவார்கள். நானும் என் காலமெல்லாம் போன பாதை அது. ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்து, வளைவுக்கு வளைவு கேலியும் சிரிப்புமாய்ப் போவோம். அந்தக் குளிரும் காய் வாசமும் இன்னும் என் சேலையில் இருப்பது போலத்தான் இருக்கிறது. முட்டிவலி வந்து நான் நின்றதும் என் கடைசி மருமகள் போக ஆரம்பித்தாள். அவள் புருஷன், என் மகன், லாரி ஓட்டுகிறவன். அன்றைக்கு மதுரைக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான்.

சாயங்காலம் ஜீப் வரும் நேரம் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"மதினி, நம்ம தெரு ஜீப்பு மெட்டு ரோட்டுல கவுந்துருச்சாம். ஒருத்தரும் தப்பலையாம். வரிசையாக் கெடத்தி மூடி வச்சிருக்காகளாம்!"

மருமகள் போன் கிடைக்கவில்லை. மலையில் எப்போது கிடைத்தது? அதற்குள் வாசலில் கூட்டம். ஒருத்தி என் மகனுக்குப் போன் போடப் போனாள். போனைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். லாரி ஓட்டிக்கொண்டிருப்பவன் காதில் இது விழுந்தால் என்ன ஆவான்?

"யாரு பார்த்தா? பார்த்த ஆளு வந்து சொல்லட்டும். அப்புறம் போடு."

"கல்லு மனசுக்காரி" என்றாள் ஒருத்தி, என் காதுபடவே.

டீக்கடையில் சொன்னார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. முட்டியைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர், ஆட்டோக்காரர் சொன்னார் என்றார். ஆட்டோக்காரர், பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள் என்றார். அவரே என்னை ஏற்றிக்கொண்டு போனார். அங்கே மெட்டு பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர், ஏலக்காய்க் கடையில் வேலை பார்ப்பவர், உட்கார்ந்திருந்தார்.

"நீ பார்த்தியா அப்பு?"

"பார்த்தேன் ஆத்தா. ஜீப்பு சாஞ்சு கெடந்துச்சு. ரோட்டோரமா பிளாஸ்டிக் தாளப் போட்டு மூடியிருந்தாக. பஸ்சு நிக்கல. ஒரே மூடுபனி."

"தாளு தரையோட படிஞ்சு கெடந்துச்சா, மேடா இருந்துச்சா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "மேடாத்தேன் இருந்துச்சு. இடுப்பு உசரம் இருக்கும்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது; கிடத்தி மூடினால் இடுப்பு உயரம் வராது. மழையில் ஜீப் நின்றுவிட்டால் நாங்கள் அப்படித்தான் இருப்போம். மழைக்கு ஆளுக்கொன்றாகக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் தாளையெல்லாம் சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, முட்டியைக் கட்டி, குளிருக்கு ஒட்டி உட்கார்ந்துகொள்வோம். தெரியாதவர் பார்த்தால் பிணத்தை மூடி வைத்தது போலத்தான் தோன்றும். இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் எப்படிச் சொல்ல? வீட்டுக்குத் திரும்பி வாசலிலேயே நின்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வேறொரு ஜீப்பில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். அவர்கள் போன ஜீப்பின் சக்கரம் ரோட்டோரச் சாக்கடையில் இறங்கியதுதான். ஒருத்திக்கும் கீறல் இல்லை. என் மருமகள் எங்கள் வாசல் கூட்டத்தைப் பார்த்ததும் ஓலமிட்டுக்கொண்டு ஓடிவந்தாள். நான் நிற்பதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தே! கூட்டத்தப் பார்த்து, நீங்கதேன் போய்ட்டீகன்னு நெனச்சேன்!"

"ஒனக்குத்தேன்டி இம்புட்டு நேரம் அழுதோம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அழுத வாயோடு தெருவே சிரித்தது.

போன வாரம் என் பேத்தி இங்கிலீஷ் பாடத்தைப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். 'என்று சொல்லப்படுகிறது, என்று நம்பப்படுகிறது' என்று வரிக்கு வரி வந்தது. யாரடி சொன்னது என்றேன். "அதெல்லாம் போட மாட்டாங்க அப்பத்தா, அப்படித்தேன் எழுதணும்" என்றாள். பெரிய படிப்பில் அப்படி எழுதலாம் போலிருக்கிறது. எனக்கு மட்டும் அப்படி ஒரு வரியைக் கேட்டால், மூடுபனியில் ஒரு தாள்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு அடியில் உயிரோடு யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

என் பேத்திக் கண்ணு, இதை ஒருதரம் சத்தமாக வாசி. நான் பார்க்காத எதையாவது பார்த்ததாக எழுதியிருந்தால், அங்கேயே நிறுத்திக் கேள்.