உள்ளடியில் ஒரு பெயர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஹெலன் பல வருடங்கள் செய்த வேலை, ஷூவுக்குள் பாதம் படும் உள்ளடியில் வெளிநாட்டுப் பெயர் ஒன்றை அச்சடிப்பது. அந்தப் பெயரைக் கேட்டே மக்கள் கடைக்கு வருவதாக சூப்பர்வைசர் சொல்வார். வேலையை விட்டபின், பக்கத்து வீட்டு சைராவோடு சேர்ந்து வீட்டிலேயே செருப்பு செய்து, மலிவு விலை ஆப் ஒன்றில் விற்கத் தொடங்கினாள். எங்கோ ஒருவர் தன் செருப்புதான் வேண்டும் என்று கேட்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அந்த ஆப்பின் கெட்டிக்காரத்தனம் அவளுக்கு மெல்லத்தான் விளங்கியது. விற்பவரிடம் அது கமிஷன் வாங்குவதில்லை; விளம்பரத்தில் சம்பாதித்துக்கொள்ளும். அதனால் ஊர்ஊராக விற்பவர்கள் வந்து குவிந்தார்கள். விலையைக் குறைத்தவரின் படம் மேலே ஏறும். விற்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வாங்குபவர் ஆப்பை விட்டுப் போகமாட்டார். செய்தவர் யார் என்று கேட்க அங்கே யாருக்கும் அவசியமில்லை.

ஹெலன் தனக்குத் தெரிந்த வழியில் போனாள். அச்சு ஒன்று செய்வித்து, உள்ளடியில் பொன்னிறத்தில் தன் பெயரைப் பதித்தாள்.

செருப்புகள் திரும்பி வந்தன. ‘யாரோ போட்ட பழைய செருப்பு. உள்ளே பேர்கூட எழுதியிருக்கு’ என்று காரணம் போட்டிருந்தார்கள்.

சைராவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “இன்னாடி ஹெலன், எவளோ ஹாஸ்டல் பொண்ணு செருப்புன்னு நெனச்சிட்டாங்க!”

“சிரிக்காதீங்கக்கா. கம்பெனி ஷூவுல பேரு இருந்தா மட்டும் புதுசா?”

“அது யாருன்னு ஊருக்கே தெரியும். உன்ன யாருக்குத் தெரியும்? ரிட்டர்ன் ஜாஸ்தியானா நம்ம படம் கீழ போய்டும். பேர எடுத்துடு.”

அறிந்தவர் இல்லாத இடத்தில் பெயரும் ஒரு கறைதான். ஹெலன் வெற்று உள்ளடிகளை வெட்டிப் பெயரின் மேலே ஒட்டினாள்.

ஆர்டர்கள் மறுபடி வந்தன. திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘கால் வலியே தெரியல. அம்மாவுக்கும் ஒண்ணு வாங்கணும். இந்த ஆப் சூப்பர்.’

அதற்குப் பிறகு ஆர்டர் வரும்போதெல்லாம் ஹெலன் முகவரியில் திருநெல்வேலியைத் தேடினாள். வரவில்லை. அதற்குள் யாரோ விலையைக் குறைத்து, அதே மாதிரிச் செருப்பின் படத்தோடு மேலே ஏறியிருந்தார்கள்.

“நாமளும் கம்மி பண்ணிடலாமா?” என்றாள் சைரா.

“வேணாம்க்கா. அந்தப் பொண்ணு நம்மளத் தேடி வரும்.”

“எதை வெச்சுடி தேடும்?”

ஹெலன் போனில் அடுத்த ஆர்டரின் முகவரியைத் திறந்தாள்.