சாயம் ஏறிய வெள்ளைச் சேலை

சேலத்தில் ஒரு சாயப்பட்டறையைத் தாண்டும்போது கொதிக்கிற சிவப்பின் காரவாடை மூக்கில் ஏறியது. என் ஐம்பது வயதை ரோட்டிலேயே போட்டுவிட்டு எட்டு வயதுக்கு ஓடினேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். புதுச்சத்திரத்தில் எங்கள் வாசல். நெல் அவிக்கும் அண்டாவில் அத்தை தன் வெள்ளைச் சேலையை முக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை, பதினாறு வயதில் தாலியறுத்தவள். ஏழு வருசமாக அந்த வெள்ளைதான். சந்தையில் சீர்திருத்தச் சங்கத்தார் பேசியதைக் கேட்டு, அவர்களில் ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொள்ள அவளே சம்மதம் சொல்லிவிட்டாள். மறுநாள் சேலத்தில் ஐயர் இல்லாத கல்யாணம்.

“அண்டாவக் கெடுத்துப்போட்டியே!” என்று அம்மா கத்தினாள்.

“நெல்லு செவப்பா வேகட்டுங்க அண்ணி. கல்யாணச் சோறுன்னு தின்னுங்க.”

நான் கோலால் கிண்டினேன். முழங்கை வரை சிவந்துவிட்டது. காயக்கூட விடாமல் அத்தை சேலையை எடுத்து உடுத்தினாள். அவள் நடந்த வழியெல்லாம் சிவப்பு சொட்டியது. ரோட்டில் சங்கத்தாரின் மாட்டுவண்டி காத்திருந்தது.

அப்பா வாசலை மறித்தார். “தாண்டினா இந்த ஊட்டுக்கு நீ செத்தவ. எழவூட்ட விட்டுப் போறவங்க வாரேன்னு சொல்றதில்ல. நீயும் சொல்லாமப் போ.”

அத்தை அவர் கையை விலக்கிவிட்டு நடந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தபின், தெருவே கேட்கத் திரும்பிச் சொன்னாள்:

“வாரேனுங்கண்ணா! தல தீவாளிக்கு உங்க மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாரேன். சீரு எடுத்து வைங்க!”