திரும்பி வந்த மூக்கு

நேற்று பாலவனத்தத்தில் பஸ் ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் பீடி வாடை. எழுந்து போய் அருப்புக்கோட்டை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட்டு கிடைத்தும் நின்றுகொண்டு வந்த கோட்டிக்காரன் நான் ஒருவன்தான்.

சிகரெட்டை விட்டு எட்டு மாதம் ஆகிறது. விட்டால் நெஞ்சு நன்றாகும் என்றார் டாக்டர். மூக்கு இப்படிப் பேயாட்டம் ஆடும் என்று சொல்லவில்லை. ஊதுபத்தி ஆகாது. எதிர்வீட்டு வத்தல் தாளிப்பு ஆகாது. ஊருக்கு வெளியே கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரி சுட்டால் இங்கே எனக்கு இருமல். என் மனைவிக்கு இதில் ஒரே சந்தோஷம். "இருவது வருசமா நான் மூக்கப் புடிச்சுக்கிட்டுத்தேன் குடும்பம் நடத்துனேன். இப்பத் தெரியுதா?" தெரிகிறது, தாயே.

அப்படிப் புகைத்த நான் வேலை பார்த்தது, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற பருத்தி ஜின்னிங் மில்லில். தீக்குச்சி உள்ளே போகக்கூடாது. வாட்ச்மேன் மடியைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார். நானும் கூட வேலை பார்த்த சுப்புராஜும் கேட்டுக்கு வெளியே வேப்பமரப் பொந்தில் தீப்பெட்டியை ஒளித்து வைத்திருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே சிகரெட். முதல் பாதி அவனுக்கு, மிச்சம் எனக்கு. ஈரமாகத்தான் வரும். "ஏலே, எச்சிப் பண்ணிட்டேன், கோவிச்சுக்காத" என்பான். கோபமாவது! அவனுக்குப் பெண் பார்த்தது, என் அப்பா செத்தது, எல்லாம் அந்தப் புகையில்தான் பேசித் தீர்த்தோம்.

மில்லை இடித்து பிளாட் போட்டுவிட்டார்கள். பொந்தோடு மரமும் போயிற்று. ஆனாலும் சுப்புராஜ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருவான். இரண்டு மாதம் முன்பு அப்படி வந்தவன் உட்கார்ந்ததுமே ஜன்னலைத் திறந்து ஃபேனை வேகமாக வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை, சத்தியமாக.

"நாத்தம் அடிக்குதாலே?" என்றான்.

"சேச்சே" என்றேன். அதோடு அவன் வருவது நின்றுபோயிற்று.

நேற்று பஸ்ஸில் நிற்கும்போது அவன் ஞாபகம்தான். இறங்கி நேரே அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் புகைத்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடினான். வாய் கொப்பளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து, நாலடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தான். எச்சில் பார்க்காமல் ஒரே சிகரெட்டைக் குடித்த எனக்கு, சம்பந்தி வீட்டாருக்குச் செய்கிற மரியாதை! அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. பக்கத்துல வந்து உக்காருலே என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் பக்கமிருந்து காற்று வீசியது. தும்மிவிட்டேன்.

சுப்புராஜ் நாற்காலியை இன்னும் ஓரடி பின்னால் இழுத்துப் போட்டான்.