மூன்றாம் பெட்டி வராத படம்

படம் விட்டு வெளியே வருகிறவர்கள், "அது சரி, பூட்டின வீட்டுக்குள்ள அவன் எப்படி வந்தான்?" என்று பேசிக்கொண்டே நடப்பார்கள். "கடைசியில அவ செத்தாளா இல்லையா?" என்பார்கள். ஆளுக்கொரு விளக்கம் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஆகாது. பேய்ப் படம், கொலைப் படம் என்றால் நான் போவதே இல்லை. பயம் ஒன்றும் கிடையாது. என் கூடப் பிறந்தவளின் வாழ்க்கையை அப்படி ஒரு விளக்கம்தான் தின்றது.

அப்போதெல்லாம் படம் பேசாது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த திடலில் கூடாரம் அடித்து வாயாங் என்று படம் காட்டுவார்கள். நடுநடுவே வெள்ளைக்காரன் எழுத்து வந்து நிற்கும். நாற்காலியில் உட்காரும் ஆபீஸ் கிராணிமார் அதைப் படித்துக்கொள்வார்கள். எனக்குத் தமிழெழுத்தே கூட்டிக் கூட்டித்தான் வரும். தரையில் பாய் போட்டு உட்காரும் எங்களைப் போன்ற சனத்துக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பிரம்பும் கையுமாக நின்று கதை சொல்வார். கணீரென்ற குரல். அழுகிறவளுக்காக அழுவார், சுடுகிறவனுக்காகத் தொண்டையிலேயே வெடி வைப்பார். அவர் சொன்னதுதான் கதை. படத்தில் அப்படி இல்லையே என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை.

கிள்ளானில் ஓடி முடிந்த படச்சுருள் பெட்டி பெட்டியாக ரயிலில் இங்கே வரும். சில நாள் ஒரு பெட்டி அங்கேயே தங்கிவிடும். அதற்காக வாயாங்கை நிறுத்த மாட்டார்கள். இருக்கிற பெட்டிகளை ஓட்டுவார்கள். இல்லாததைக் கதை சொல்கிறவர் வாயாலேயே ஒட்டவைப்பார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தாய் தகப்பன் போன பிறகு தங்கச்சி என்னோடுதான் இருந்தாள். பதினெட்டு வயது. கிள்ளானில் ரயில் கேட்டில் வேலை பார்க்கிற ஒருவருக்குப் பேசி வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. தை மாதம் கல்யாணம் என்று இருந்தோம்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் நான் என் வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அவள் குழாயடியில் அரிசி களைந்துகொண்டு வந்து, முன்கதவு பின்கதவு இரண்டையும் தாழ் போட்டுவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்து நின்றானாம். இவள் போட்ட சத்தத்தில் அவன் பின்கதவைத் திறந்துகொண்டு சந்து வழியாக ஓடிவிட்டான். அக்கம்பக்கம் வந்து தட்டியபோது முன்கதவை இவள்தான் திறந்தாள். போனது ஒரு பித்தளைச் சொம்பு.

அன்றைக்கு எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். எதிர் வீட்டு அக்கா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். "பின்கதவைத் தாழ் போட மறந்திருப்பே, பரவால்லடி" என்று தலையைத் தடவினாள்.

"மறக்கல அக்கா. ரெண்டையும் போட்டேன்" என்றாள் இவள்.

அப்போது அதை யாரும் காதில் வாங்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து வாயாங் வந்தது. பொழுது சாய்கிற நேரம் குவாட்டர்ஸே திரண்டு போனோம். தங்கச்சி என் பக்கத்தில் கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய வீட்டில் ஒரு துரைசாணி தனியாக இருக்கிறாள். வெளியே மழை. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட ஒருத்தன் தோட்டத்து மரத்தடியில் நிற்கிறான். அவள் கதவைச் சாத்தி மூன்று தாழ்ப்பாள் போடுகிறாள். அடுத்தாற்போல் அவன் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். கூடாரமே அலறியது. அப்புறம் ஒரே ஓட்டம். கடைசியில் அவள் கையிலிருந்த விளக்கு விழுகிறது, திரை வெள்ளையாகிறது, படம் முடிந்தது.

அவன் எப்படி உள்ளே வந்தான்? சனம் ஒன்றும் புரியாமல் முணுமுணுத்தது. கதை சொல்கிறவர் பிரம்பால் திரையைத் தட்டினார்.

"பார்த்தீர்களா மகாஜனங்களே! மூன்று தாழ்ப்பாள்! ஓர் ஈ நுழையுமா? பிறகு எப்படி வந்தான் இந்தப் பாதகன்? தாழ் போட்ட கைதானே தாழ் திறந்திருக்கும்! செய்ததை அனுபவித்தாள்!"

சீழ்க்கை பறந்தது. எதிர் வீட்டு அக்காவின் கழுத்து மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். தங்கச்சி கடலை தின்பதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் குழாயடியில் அந்தப் படத்தைத்தான் துவைத்தார்கள்.

"அவ்ளோ பெரிய வீட்ல சமையல்காரன் எங்கடி போனான்?"

"அவனை அவளே அனுப்பியிருப்பா."

"ஓடும்போது அந்தச் செருப்பைக் கழட்டி எறிஞ்சிருக்கலாம்ல?"

"கழட்டினா துரைசாணிக்கு நடக்க வராதுடி."

சிரிப்பு. நான் குடத்தோடு போனதும் சிரிப்பு நின்றது. பிறகு எதிர் வீட்டு அக்கா, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "என்ன இருந்தாலும் ரெண்டு பக்கமும் தாழ் போட்ட வீட்டுல ஆள் முளைக்குமா?"

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் சொன்னேன். "யார் கேட்டாலும் பின்கதவைப் போட மறந்துட்டேன்னு சொல்லிடு. அதோட முடிஞ்சிடும்."

"போட்டேன்க்கா. போட்டதைப் போடலைன்னு எப்படிச் சொல்றது?"

"உன் நல்லதுக்குத்தான்டி சொல்றேன்."

"பொய் சொன்னாத்தான் நான் நல்லவளா?"

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்குத் தலை எளிதில் குனியாது. எனக்கும் அப்படித்தான். மூன்று நாள் அந்தக் கூடாரத்திலிருந்து "தாழ் போட்ட கைதானே" என்ற குரல் எங்கள் அடுப்படி வரை கேட்டது. மூன்றாம் நாள் நானே அவள் எதிரில் போய் நின்று கேட்டேன்.

"நிஜத்தைச் சொல்லு. நீ திறந்தியா?"

அவளுக்காகத்தான் கேட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். சந்தேகப்பட்டுத்தான் கேட்டேன். இந்த வயதில் அதை மாற்றி எழுதி என்ன ஆகப்போகிறது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அரிசியைப் புடைக்கப் போய்விட்டாள்.

ரயிலில் படப்பெட்டி மட்டுமா போய் வரும், பேச்சும் போகும். கார்த்திகையில் மாப்பிள்ளையின் தாயார் கிள்ளானிலிருந்து வந்து, நாங்கள் கொடுத்த தட்டைத் திருப்பி வைத்தாள். "எங்க வீட்டுக் கதவு பழைய கதவும்மா. தாழ்ப்பாளும் சரியில்ல" என்றாள். நான் அவளுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தேன். கொடுத்த கை இன்றைக்கும் கூசுகிறது.

அதற்குமேல் தங்கச்சியைக் கேட்டு யாரும் வரவில்லை. ஜெஞ்சாரோம் பக்கம் ரப்பர் மரம் சீவுகிற ஒரு கித்தா தோட்டத்தில் மனைவியை இழந்த ஒருவர் இருந்தார். நாற்பது வயதுக்கு மேல். என் வீட்டுக்காரர் பேசி முடித்தார், நான் சரி என்றேன். தங்கச்சியிடம் கேட்டபோது, "தாழ்ப்பாள் உள்ள வீடா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் கிள்ளான் போயிருந்தேன். அங்கே அதே படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானக் காட்சி. கல்யாண வீட்டுப் பெண்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். கதை சொன்னவரும் அதே ஆள்தான்.

மரத்தடியில் தொப்பிக்காரன் நிற்கிறான். அதன் பிறகு நான் பார்க்காத ஒன்று வந்தது. பூனை மழையில் கத்துகிறது. துரைசாணி கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு அதைத் தூக்கத் தோட்டத்தில் இறங்குகிறாள். அவன் சுவரோரமாக நழுவி உள்ளே போய்ச் சீலைத் திரைக்குப் பின்னால் ஒளிகிறான். அவள் பூனையோடு வந்து தாழ் போடுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அவன் முன்னமே உள்ள இருந்திருக்கான்!" என்று கத்தினேன்.

"உக்காருமா, மறைக்குது!" என்றார்கள் பின்னால். "நாங்களும்தான் பார்க்கிறோம்!"

குழாயடிக்குப் போகும்போது எவள்தான் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள்? இது அரிசி களைகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிய வேண்டியது. எனக்குத் தெரிய ஒரு பூனை வேண்டியிருந்தது.

படம் விட்டதும் பக்கத்துக் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த கதை சொல்கிறவரிடம் போனேன்.

"அண்ணே, பிரிக்பீல்ட்ஸ்ல இந்தப் பூனை வரலையே?"

"அட, கவனிச்சிருக்கியே தங்கச்சி! மூணாம் பெட்டி இங்கயே தங்கிடுச்சு. சனம் சும்மா உக்காருமா? ஏதாச்சும் சொல்லி அடைக்கணும்ல."

"மறுநாளாச்சும் வந்திருக்குமே?"

"வந்துச்சு. வந்து என்ன செய்ய? முத நாள் பார்த்தவன் மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வர்றான், அந்தத் 'தாழ் போட்ட கை'யைக் கேட்க. பூனையைக் காட்டினா என்னை அடிச்சிருப்பான். பெட்டியைத் திறக்கவே இல்ல. அந்த ஊருக்கு அந்தக் கதைதான் லா."

"அதனால ஒரு பொண்ணு கெட்டுப்போனா அண்ணே."

"யாரு, துரைசாணியா?" என்று கேட்டுவிட்டுக் கோப்பியை ஊதினார்.

கல்யாண வீட்டுக்கு நான் திரும்பவில்லை. ஆள் மூலம் சொல்லி அனுப்பி, என் பையை மட்டும் வரவழைத்துக்கொண்டு ஜெஞ்சாரோம் பஸ் பிடித்தேன். தோட்டத்து லயத்து வீட்டில் அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை விரலெல்லாம் கித்தாப் பால் ஒட்டிக் கறுத்திருந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பூனை, சீலைத் திரை, வராத பெட்டி, எல்லாம். "நீ அரிசி களையப் போனப்பவே அவன் உள்ள வந்திருக்கான்டி! நீ சொன்னது சரிதான்டி!" என்றேன்.

அவள் ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தாள்.

"தாழ் போட்டேன்னு அன்னைக்கே சொன்னேனே அக்கா. அதுக்கு வாயாங்காரன் வந்து சாட்சி சொல்லணுமா உனக்கு?"

மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை இருப்பது எனக்கும் தெரியும். அக்கா என்கிற திமிர் அதைச் சொல்ல விடவில்லை.

"சாப்பிட்டுப் போ. கடைசி பஸ் அஞ்சு மணிக்கு" என்றாள்.

இரண்டு நாள் தங்கலாம் என்று மாற்றுப் புடவை கொண்டுபோயிருந்தேன். அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.